ரத்தம் கொடுத்த கை

என் அறைக்கு வந்து ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போகிறவர்களின் கையில் முதலில் ஒரு சிவப்பு ரப்பர் பந்தைக் கொடுத்துவிடுவேன். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய பந்து. ஒரு காலத்தில் அதன்மேல் வெள்ளையில் ஏதோ எழுதியிருந்தது. எத்தனையோ உள்ளங்கைகள் அழுத்தி அழுத்தி எழுத்து போய்விட்டது. "வலிக்கும்போது இத அமுக்கிக்குங்க" என்பேன். பெரிய மீசை வைத்த ஆளும் அமுக்குவார், முதல் சம்பளத்தில் தோளில் வண்ணத்துப்பூச்சி போட வந்த பெண்ணும் அமுக்குவாள். சிலர் போகும்போது இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பதுண்டு. வாங்கவில்லை, என் மாமனாருடையது என்று மட்டும் சொல்வேன். அதற்குமேல் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. இன்றைக்கு எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா லாரி ஓட்டியவர். பட்டர்வொர்த் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி, தெற்கே ஜொகூர் வரைக்கும் போய்வந்தவர். நான் மருமகளாக ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்தபோது அவர் நீண்ட ஓட்டத்தை விட்டுவிட்டு உள்ளூர் ஓட்டத்துக்கு மாறியிருந்தார். அதிகம் பேசாதவர் என்று சொல்ல முடியாது. நன்றாகவே பேசுவார், ஆனால் நாம் ஒன்றைச் சொல்லத் தயங்கினால் பிடுங்கிக் கேட்க மாட்டார். காத்திருப்பார். என் கணவர் சிறுவயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு ஒளிந்துகொண்டால், அதட்டிக் கூப்பிடாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பாராம். பையன் தானாக வாயைத் திறக்கும்வரை உரிப்பாராம். இதை அத்தைதான் எனக்குச் சொன்னார். அப்போது சிரித்தேன்.

அவருக்கு ஒரு விரதம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பார். என் கணவர் பிறந்த அன்று அத்தைக்கு ரத்தப்போக்கு நிற்காமல், யார் யாரோ கொடுத்து வைத்திருந்த ரத்தத்தை ஏற்றித்தான் காப்பாற்றியிருக்கிறார்கள். கொடுத்தவர் யார் என்று மாமா கேட்டதற்கு ஆஸ்பத்திரியில் சொல்ல முடியாது என்றுவிட்டார்கள். "யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியல. அதான் நானும் யாருக்கோ குடுத்துட்டு வரேன்" என்பார். கொடுக்கப் போகும் நாளில் இஸ்திரி போட்ட சட்டை, திருநீறு, சந்தனம். கல்யாணத்துக்குப் போகிற கோலம்தான். திரும்பி வரும்போது இடது முழங்கை மடிப்பில் ஒரு துண்டுப் பிளாஸ்திரியும், சட்டைப் பையில் அங்கே கொடுத்த பிஸ்கட்டும் இருக்கும். அன்று வீட்டில் ஆட்டு ஈரல் பிரட்டலும் பாயாம் கீரையும் கட்டாயம். போன ரத்தம் ஊற வேண்டுமாம். அத்தை இருந்தவரை அவர் சமைத்தார். அவர் போன பிறகு அந்த ஈரல் என் பொறுப்பானது. அந்தச் சிவப்புப் பந்தும் அங்கிருந்து வந்ததுதான். நரம்பு எழும்புவதற்காகக் கையில் வைத்து அமுக்கச் சொல்வார்கள். பழைய பந்து ஒன்றை மாற்றும்போது, மிஸ்ஸியிடம் கேட்டு வாங்கிவந்துவிட்டார். எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம்.

நான் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைப் பார்த்துப் பிழைத்தவள். கை நடுங்காது, கண் சோராது, அதற்காகவே மேற்பார்வையாளர் என்னை விடமாட்டார். ஆனால் ஆட்குறைப்பு வந்தபோது கண்ணையும் கையையும் யார் பார்த்தார்கள். ஒரு காகிதத்தைக் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டார்கள். சில மாதம் வீட்டில் சும்மா இருந்து எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். பிறகுதான் ஊருக்குள் பச்சை குத்தும் கடை வைத்திருந்த ஒரு சீனப் பெண்மணியிடம் தொழில் கற்கப் போனேன். என் அம்மா வீட்டில் கேட்டுவிட்டு இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. பச்சை குத்துவதென்றால் அவர்களுக்குக் கேங் பையன்களும் அவர்கள் கையில் குத்திக்கொள்ளும் கேங் நம்பர்களும்தான் ஞாபகம். மாமா மட்டும், "ஊசி புடிச்ச வேலைதானே, ஒனக்கு வரும்" என்றார்.

ரப்பர் தோலில் குத்திப் பழகினேன். அது போதாதென்று ஜெலுத்தோங் பாசாரில் பன்றித்தோல் வாங்கிவந்து, செய்தித்தாளில் சுற்றி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் ஒளித்து வைத்தேன். பன்றியைச் சமையலறைக்குள் சேர்க்காத வீடு எங்களுடையது. மாமா பச்சைமிளகாய் தேடப் போய் அதை எடுத்துப் பிரித்துவிட்டார். தோலில் நான் குத்தியிருந்த பாதி மயில் அவரைப் பார்த்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழுத்து நல்லா வந்திருக்கு. வால்தான் கோழி மாதிரி இருக்கு" என்று சொல்லி, திரும்பச் சுற்றி வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். திட்டப்போகிறார் என்று பயந்து நின்ற நான் சிரித்துவிட்டேன்.

வாடகைக்குக் கடை எடுக்க வழியில்லை. வீட்டு ஹாலையே கடை அறையாக்கி வைப்பது என்று முடிவானது. வீட்டில் வைப்பதென்றால் மாநகராட்சி உரிமம் கேட்கும். உரிமத்துக்கு ஆயிரத்தெட்டு நிபந்தனை. வீடு மாமா பேரில் இருந்ததால் அவர் சம்மதம் வேண்டும். நான் கேட்குமுன்னே அவர் கையெழுத்துப் போட்டார். இருபக்கத்து வீட்டாரும் ஆட்சேபம் இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்கும் அவரே போனார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் பேசியது எனக்குக் கேட்டது. "கேங்கு கீங்கெல்லாம் இல்ல லா. பேக்டரில மைக்ராஸ்கோப் பாத்த புள்ள. வர்றவங்க செருப்பக்கூட வரிசையா வுட வெச்சிருவா." தரை கழுவக்கூடிய ஓடாக இருக்க வேண்டும் என்றார்கள், பழைய லினோலியத்தைச் சுருட்டித் தூக்கிப் போட்டுவிட்டு முட்டிபோட்டு ஓடு பதித்தார். கை கழுவ அறைக்குள்ளேயே தொட்டி வேண்டும் என்றார்கள். சுவரை உடைத்துக் குழாய் இழுத்தார். பயன்படுத்திய ஊசிகளுக்கு மஞ்சள் பெட்டி, கருவிகளை நீராவியில் அவிக்கும் பெட்டி எல்லாம் வந்து இறங்கின. அவர் டீவி பார்க்கும் சாய்வு நாற்காலி மட்டும் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு மூலைக்குப் போனது. அங்கிருந்து டீவி தெரியாது. நான் கவனித்தேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு, பிறகு என்று தள்ளிவைக்கிற புத்தி எனக்கு அப்போதே இருந்திருக்கிறது.

பரிசோதிக்க வந்த மாநகராட்சி அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. தொட்டியைத் திறந்து பார்த்தார், ஓட்டின் இடுக்கைக் குனிந்து பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்றுதான் பாக்கி, பயிற்சிச் சான்றிதழ், சொன்ன தேதிக்குள் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் ஆசிரியையோ ரப்பரில் போட்டதையெல்லாம் வைத்துச் சான்றிதழ் தர மாட்டார். உயிருள்ள தோலில் ஒரு முழு வேலை செய்து, அது புண் ஆறி, பொருக்கு உதிர்ந்து, மைமட்டும் சுத்தமாக நிற்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஆறுவதற்கே ஒரு மாதம் ஓடிவிடும். என்னோடு தொழிற்சாலையில் இருந்த சிநேகிதி ஒருத்தி கை தருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அவள் வீட்டுக்காரர் சத்தம் போட்டதும் பின்வாங்கிவிட்டாள். அவளை நான் திட்டாத திட்டில்லை. என் கணவர் சிம்பாங் அம்பாட்டில் உணவு பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிறார்; கையில் புண் இருந்தால் உள்ளேயே விடமாட்டார்கள். இதையெல்லாம் நான் சமையலறையில் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டே புலம்பினேன். மாமா மூலை நாற்காலியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து, வெளியே போய்விட்டு வந்த மாமா, மோட்டார் சைக்கிள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு என்னிடம் வந்தார். "என் கை இருக்குலம்மா. அதுல போடு" என்றார். நான் சும்மா விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். "ஒனக்குப் பரீட்சைக்கு எது வேணுமோ அத போடு. எலும்புக்கூடு மட்டும் வேணாம், கோயிலுக்குப் போற கை."

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பச்சை குத்திக்கொண்டவர்களிடம் பல மாதங்களுக்கு ரத்தம் எடுக்க மாட்டார்கள். ஊசி வழியாக ரத்தத்தில் ஏதும் தொற்றியிருக்குமோ என்ற பயம். எங்கள் பயிற்சியில் முதல் நாள் முதல் பாடம் அதுதான். அதோடு, ரத்தம் கொடுக்கிறவர்களுக்கு வயது வரம்பும் உண்டு. அதைத் தாண்டினால் எத்தனை வருடம் கொடுத்தவரானாலும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். மாமா அந்த வரம்பை நெருங்கியிருந்தார். முந்தைய முறை கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அதனால் உடனே இன்னொரு தடவை கொடுக்கவும் முடியாது. அடுத்தது, தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் இருக்கும் மண்டபத்தில், அவர் பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னால் நடக்கும் முகாம். அதுதான் அவருக்குக் கடைசி. அதைப் பற்றி வீட்டில் பல தடவை பேசியிருந்தார். புதுச் சட்டைக்குத் துணிகூட எடுத்து வைத்திருந்தார். "கடைசியா குடுத்துட்டு, ஒங்கத்த படத்துக்கு மால போட்டுட்டு, அதோட விட்டுடுவேன்" என்று என்னிடமே சொல்லியிருந்தார். எல்லாம் எனக்குத் தெரியும். சட்டையை மடித்துக்கொண்டு அவர் என் முன்னால் நின்றபோதும் தெரியும்.

சொன்னால் கை கிடைக்காது. இதுதான் என் மனதில் ஓடியது. அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேறு ஆள் தேடியிருந்தால் கிடைத்திருக்கலாம், உரிமம் தள்ளிப்போனால் திரும்ப விண்ணப்பித்திருக்கலாம், குடி முழுகிப்போயிருக்காது. ஆனால் தொழிற்சாலை வாசலில் காகிதத்தோடு நின்ற நாளுக்குப் பிறகு எனக்கென்று ஒன்று சுவரில் தொங்க வேண்டும் என்ற வெறி இருந்தது. மாமாவுக்கு விதி தெரியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். முகாமில் திருப்பி அனுப்பினால் அப்போது தெரிந்துகொள்வார், நானும் இப்படியாகும் என்று நினைக்கவில்லை மாமா என்று சொல்லிக்கொள்ளலாம். என்ன ஒரு கணக்குப் பாருங்கள்.

பூவை நான்தான் தேர்ந்தெடுத்தேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் அத்தை நட்ட புங்கா கந்தான் புதர் ஒன்று உண்டு. லக்ஸா என்கிற புளிப்பு மீன்சாறு நூடுல்ஸில் நறுக்கிப் போடுகிற அந்த ரோஜா நிற மொட்டு. இதழ்மேல் இதழாக அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் நிழல் மாறும். கை தேர்ந்தவள் என்று காட்ட அதைவிடத் தோதான பூ கிடையாது. மாமாவுக்கு அது அத்தையின் பூ. எனக்கு அது மதிப்பெண்.

வேலை தொடங்குவதற்கு முன்னால் வாடிக்கையாளரிடம் வரிசையாகச் சில விஷயம் கேட்க வேண்டும், சில விஷயம் சொல்ல வேண்டும். மாமாதானே என்று விட்டுவிடாமல் முறைப்படி செய்தேன். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா, இன்றைக்குச் சாப்பிட்டாரா. பள்ளிக்கூடப் பையன்போல நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். ஆறும்வரை கடலில் குளிக்கக்கூடாது, வெயில் படக்கூடாது, சொறியக்கூடாது என்று சொன்னேன். வரிசையில் கடைசியாக இருந்தது ரத்தம் கொடுப்பது. அங்கே வந்ததும் நான் கையுறையை எடுத்து மாட்ட ஆரம்பித்துவிட்டேன்.

"அவ்ளோதானாம்மா?" என்றார்.

"அவ்ளோதான் மாமா."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேலைக்குத் தயாராவதில் மும்முரம். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்புப் பந்தை எடுத்து, வலது கையில் வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டினார். "எப்பவும் இந்தக் கைதான் குடுப்பேன். இதுலயே போட்டுடு" என்றார். அதைக்கூட நான் நரம்பு நன்றாகத் தெரிகிற கை, தோலும் இறுக்கமாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் அந்தப் பூ ஒவ்வொரு அடுக்காக வந்தது. லாரி ஸ்டீயரிங்கில் பல வருடம் வெயில் குடித்த தோல். நிறம் ஏறுமா என்று பயந்தேன், ஏறியது. நடுவில் இருமுறை நிறுத்தி வலிக்கிறதா என்று கேட்டேன். பந்தை அமுக்கிக்கொண்டு, "நீ வேலையப் பாரும்மா" என்றார். என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல வேலை அதுதான். இன்றைக்கும் அதுபோல ஒன்று என் கையிலிருந்து வரவில்லை. ஆறியதும் மாமா என்னோடு ஆசிரியையின் கடைக்கு வந்து ஒரு விளக்குக்குக் கீழே கையை நீட்டி உட்கார்ந்தார். அந்தப் பெண்மணி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சான்றிதழை எடுத்துவந்தார். உரிமம் கைக்கு வந்த அன்று மாமாவே சட்டம் போட்டு, ஆணி அடித்து, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து மாட்டினார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள், பெரும்பாலும் சந்தோஷம்தான்.

முகாம் நாள் வந்தது. காலையில் மாமா புதுச் சட்டையைப் போட்டு, திருநீறு பூசிக்கொண்டு கிளம்பினார். முழுக்கை, மணிக்கட்டுவரை பொத்தான். அறைக்குள் எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். வாசலைத் தாண்டும்போது மாமா எட்டிப் பார்த்து, "போய்ட்டு வரேம்மா" என்றார். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை திரும்பும்வரை ஊசியைத் தோலுக்குமேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாடிக்கையாளர் என்னக்கா ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அன்றைக்கு ஈரல் வாங்குவதா வேண்டாமா என்று பாசாரில் ஆட்டுக்கறிக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாங்காவிட்டால், அவர் திரும்பி வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்கிறது என்று ஆகிவிடும். வாங்கினேன். மிளகு தட்டிப் போட்டு, அத்தை செய்கிற மாதிரியே பிரட்டினேன். பாயாம் கீரையும் வைத்தேன். மாமா வழக்கமான நேரத்துக்கு வந்தார். பிஸ்கட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். கை கழுவச் சட்டையை மடித்தபோது பார்த்தேன், முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி இல்லை. கீழே பூ மட்டும் இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "என்ன மாமா, முடிஞ்சிச்சா" என்றேன். "முடிஞ்சிச்சும்மா" என்றார். உட்கார்ந்து, பரிமாறிய ஈரல் முழுவதையும் சாப்பிட்டார். கொடுக்காத ரத்தத்துக்கு ஊறவேண்டிய சாப்பாடு. ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் அறைக்குள் வந்து, என் மேசைமேல் பந்தை வைத்தார். "இனிமே எனக்கு எதுக்கு. இங்க வலிக்கிறவங்க கையில குடு" என்றார். கதவருகில் கொஞ்ச நேரம் நின்றார். வேர்க்கடலை உரிக்கிற அந்தப் பழைய பொறுமையோடுதான் நின்றிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு சில வருடம் நன்றாகவே ஓடின. மாமாக் என்று நாங்கள் சொல்லும் தமிழ் முஸ்லிம் உணவுக்கடைக்காரர் அவரைப் பார்த்து, "என்ன லாரிக்கார், லக்ஸாவுக்குப் பூ கைல கொண்டாந்துட்டீங்களா" என்று கேலி செய்வார். மாமா, "மருமக கைவேல. ஒனக்கும் வேணுமா, டிஸ்கவுண்ட் சொல்றேன்" என்பார். போகிற இடமெல்லாம் கையைக் காட்டி எனக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார். நான் அவருடைய நாற்காலியை டீவி தெரிகிற இடத்துக்கு மாற்றினேன், பெரிய டீவி வாங்கினேன், மாதாமாதம் வேட்டி சட்டை எடுத்தேன். அவர் எதையும் மறுக்கவில்லை. என் கணவர்கூட, அப்பாவை நீ என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய் என்று சொல்வார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். காரணமில்லாமல் அவரிடம் சண்டை போடுவேன்.

போன வருடம் ஒரு காலையில் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டில் உடலைக் கிடத்த ஹாலைத் தவிர வேறு இடமில்லை. என் சாய்வுக் கட்டிலையும் கருவிகளையும் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டு, அவர் பதித்த ஓட்டின்மேலேயே அவரைக் கிடத்தினோம். தலைக்குமேல் சுவரில் என் உரிமம். கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. கைகளைச் சேர்த்து வைத்திருந்ததில் இடது கையின் பூ மேலே தெரிந்தது. உடம்பின் நிறம் போன பிறகும் அந்த ரோஜா நிறம் போகவில்லை.

ரத்த வங்கி மிஸ்ஸி வந்திருந்தார். ஓய்வு பெறப்போகிற வயது; மாமாவுக்கு எத்தனையோ தடவை ஊசி போட்டவர். காலடியில் கும்பிட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தப் பூவைப் பார்த்தார். "இதுதானா" என்றார். "இதுக்காகத்தான் என்னத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்தாரு. மிஸ்ஸி, டாட்டூ போட்டா ரத்தம் எடுக்க மாட்டீங்கல்லன்னு கேட்டாரு. எடுக்க மாட்டோம்ணே, ஒங்களுக்கு இதான் கடைசி வாட்டி, பொறந்தநாள் வரைக்கும் பொறுத்துக்குங்க, அப்புறம் முதுகு பூரா போட்டுக்குங்கன்னு சொன்னேன். சிரிச்சாரு. மருமகளுக்கு அவசரம்னாரு."

மிஸ்ஸி தன்பாட்டில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். "அந்தப் புள்ளைக்கு இந்த ரூல் தெரியுமான்னு கேட்டாரு. மொத பாடமே அதாண்ணே, தெரியாம இருக்குமான்னு சொன்னேன். அப்பன்னா எங்கிட்ட சொல்லுவா, சொன்னா பாத்துக்கலாம்னு சொல்லிட்டுப் போனாரு. முகாம் அன்னைக்கு வந்து, பெருமையா பூவக் காட்டிட்டு, எப்பவும் கெளம்புற நேரம் வரைக்கும் எல்லாருக்கும் மைலோ கலக்கிக் குடுத்தாரு." என் முதுகைத் தடவினார். "நீ சொல்லியும் கேக்கல போல. அப்படித்தான், அவரு நெனச்சா நெனச்சதுதான்."

ஹாலில் பத்திப் புகை. எதிரே என் கணவர் மொட்டையடித்த தலையோடு உட்கார்ந்திருந்தார். இல்லை மிஸ்ஸி, நான் சொல்லவே இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். மாமா கேட்டுக்கொண்டிருக்கிற தூரத்தில்தான் கிடந்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். செத்துக் கிடக்கிறவரின் முன்னாலேயே இரண்டாவது தடவையும் மறைத்தவள் நான்.

அவர் என்னிடம் எதிர்பார்த்தது ஒரே ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் கையை மடக்கிக்கொண்டு போயிருப்பாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். போயிருக்க மாட்டார். அவரை எனக்குத் தெரியும். பரவால்லம்மா, போடு என்றுதான் சொல்லியிருப்பார். கடைசி ரத்தத்தை எனக்கு அவர் விட்டுக்கொடுத்ததாக இருந்திருக்கும்; நான் திருடிக்கொண்டதாக இருந்திருக்காது. கொடுக்க வந்த மனுஷரிடம் போய்த் திருடினேன். அதையும் தெரிந்துகொண்டே, என் உரிமத்துக்குச் சட்டம் போட்டு மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். எத்தனை நாள் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டோம். ஒரு நாளாவது முகத்தில் காட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவர் காட்டவில்லை, நான் விழவில்லை. இதை என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், தோளில் சின்னதாக ஒரு பிறை வேண்டும் என்றாள். சுவரில் இருந்த உரிமத்தைப் படித்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள், கெட்டிக்காரப் பெண். பந்தை அவள் கையில் கொடுத்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், மருந்து, சாப்பாடு என்று வரிசையாகக் கேட்டேன். கடல், வெயில், சொறிதல் எல்லாம் சொன்னேன். வழக்கம்போல வரிசையின் கடைசிக்கு வந்ததும் எனக்குக் குரல் நின்றது. எல்லோரிடமும் சொல்லத்தான் செய்கிறேன், மாமாவுக்குப் பிறகு ஒருவரிடமும் விட்டதில்லை, ஆனால் அந்த இடத்தில் நிற்காமல் போனதும் இல்லை. நான் முடித்துவிட்டேன் என்று நினைத்து, அவள் தோளைத் திருப்பிக் காட்டி உட்கார்ந்தாள்.

"அவ்ளோதானாக்கா?" என்றாள்.

கையுறையை எடுக்கப்போன கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இல்லம்மா. இன்னொண்ணு இருக்கு" என்றேன்.

அவள் பந்தைப் பிடித்துக்கொண்டு, சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.